குவாண்டம் அழிப்பான் பெட்டி: கருவி அருமை, கூட வரும் தாள் தப்பு

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவர்கள் இதைப் படித்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லேசர் ஒளி சுவரில் போடுகிற வரிகளை மறைய வைத்துத் திரும்ப வரவைத்துக் காட்டுகிற இந்தக் குவாண்டம் அழிப்பான் பெட்டியை வாங்குங்கள். 1,650 ரூபாய்க்கு இவ்வளவு யோசிக்க வைக்கிற பொருள் ஒரு பள்ளி ஆய்வகத்துக்குச் சுலபமாகக் கிடைத்துவிடாது. ஆனால் உள்ளே மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். இந்த விமர்சனத்தை நான் எழுத உட்கார்ந்ததே அந்தத் தாளால்தான்.

நான் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பெட்டியை ஆன்லைனில் வாங்கினேன். விற்றவர் பெயரை எழுதப்போவதில்லை. இதே சாமான்கள், இதே தாளோடு வெவ்வேறு பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன.

உள்ளே என்ன இருக்கிறது? 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒன்று, 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. சட்டங்களைச் செருகி நகர்த்த அளவுகோல் ஒட்டிய ஒரு மரத் தண்டவாளம். இரட்டைப் பிளவு ஸ்லைடு. அலுமினியத் தாளில் ஊசித்துளை போட்ட ஒரு சட்டம். நடுவில் மெல்லிய கம்பி மட்டும் இழுத்துக் கட்டிய ஒரு சட்டம். அதே மாதிரி கம்பி, ஆனால் அதன் இடப்பக்கம் ஒரு போலராய்டுத் துண்டும் (ஒரு குறிப்பிட்ட திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் விடுகிற தாள்) வலப்பக்கம் ஒரு போலராய்டுத் துண்டும் ஒட்டிய இன்னொரு சட்டம். கடைசியாக, கோண அளவு குறித்த சுழலும் போலராய்டு ஒன்று. அவ்வளவுதான். மின்சாரம் போனாலும் கவலையில்லை, பேட்டரியில் ஓடுகிறது. எங்கள் ஆய்வகத்துக்கு அது பெரிய வசதி.

இரட்டைப் பிளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். பிளவுகளுக்கு இடையே 0.25 மில்லிமீட்டர். 4 மீட்டர் தள்ளிச் சுவரில் வெள்ளைச் சார்ட்டை ஒட்டினோம். அதில் மாறி மாறி விழுகிற சிவப்பு, கருப்புப் பட்டைகளின் அகலம் 1.04 சென்டிமீட்டர் வர வேண்டும் என்று பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டுவிட்டு ஸ்கேலோடு போய் அளந்தார்கள். பத்துப் பட்டைகளைச் சேர்த்து அளந்தபோது 10 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. தாமஸ் யங் 1800-களின் தொடக்கத்தில் சூரிய வெளிச்சத்தைத் துளை வழியாக விட்டு, மெல்லிய அட்டைத் துண்டால் அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்த அதே வரிகள். கேள்வித்தாளில் வருகிற சூத்திரம் சுவரில் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பதற்கே பாதிக் காசு சரியாகிவிடும்.

பெட்டியின் உயிர் அந்தக் கம்பிச் சட்டங்கள் இரண்டில் இருக்கிறது.

முதலில் ஊசித்துளைச் சட்டத்தைச் செருக வேண்டும். லேசர் அதன் வழியாக வந்து விரிந்து பரவும். அதன் பாதையில் வெறும் கம்பிச் சட்டத்தை வையுங்கள். கம்பியின் நிழல் விழ வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரே கோடு வராது. மெலிதான சிவப்பு வரிகள், இடையிடையே கருப்பு. கம்பிக்கு இடப்பக்கம் வந்த ஒளியும் வலப்பக்கம் வந்த ஒளியும் சேர்ந்து போடுகிற கோலம் அது. துளை வழியாக வருவதால் வெளிச்சம் ரொம்பக் குறைவு. ஜன்னல்களைக் கருப்புச் சார்ட்டால் மூடி, கதவிடுக்கில் துப்பட்டாவைச் சொருகி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால்தான் நன்றாகத் தெரியும். தாளில் இதைச் சொல்லவே இல்லை. பகலில் செய்துவிட்டுப் பெட்டி சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் கருத்துகளிலிருந்து தெரிகிறது. அவசரப்படாதீர்கள்.

அடுத்து, கம்பிச் சட்டத்தை எடுத்துவிட்டுப் போலராய்டு ஒட்டிய சட்டத்தை அதே இடத்தில் வையுங்கள். அதில் இடப்பக்கத் துண்டு கிடைமட்டமாக அதிர்கிற ஒளியை மட்டும் விடும், வலப்பக்கத் துண்டு செங்குத்தாக அதிர்கிற ஒளியை மட்டும் விடும். அதாவது எந்தப் பக்கமாக வந்தது என்கிற அடையாளம் ஒளியின் மேலேயே ஏறிவிடுகிறது. சுவரைப் பாருங்கள். வரிகள் போய்விடும். மங்கலான சிவப்புப் பரவல் மட்டும் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இதையும் தாள் சொல்லவில்லை. இந்த மாதிரி லேசர் டயோடு வெளிச்சம் ஏற்கெனவே ஒரு திசையில் தளவிளைவு அடைந்துதான், அதாவது ஒரே திசையில் அதிர்ந்துதான் வருகிறது. அந்தத் திசை கிடைமட்டமாக இருந்தால் இடப்பக்கம் மட்டும் பிரகாசமாகி வலப்பக்கம் இருண்டுவிடும். ஒரே பக்கம் வெளிச்சம் வந்தால் வரி எப்படியும் வராதே, அப்போது அடையாளத்தால் வரி போனது என்று சொல்ல முடியாது. அதனால் லேசரைக் குழாயோடு சேர்த்து மெதுவாகத் திருப்பி, சட்டத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலை 45 டிகிரி. அங்கே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் குறித்துவிட்டால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் உதவும்.

சரி, இப்போது கடைசி வேலை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அந்தச் சுழலும் போலராய்டை 45 டிகிரியில் வையுங்கள். வரிகள் திரும்ப வந்துவிடும். போலராய்டு வெளிச்சத்தைத் தடுக்கிற பொருள், அதை வைத்ததால் ஏற்கெனவே இல்லாத ஒன்று எப்படி வரும் என்று வகுப்பே எழுந்து நின்றது. எனக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது. 45 டிகிரியில் நிற்கிற போலராய்டுக்கு முன்னால் கிடைமட்டமும் செங்குத்தும் சமம். அதைத் தாண்டி வருகிற ஒளி எல்லாம் ஒரே திசையில் அதிர்கிறது. எந்தப் பக்கம் வந்தது என்ற அடையாளம் அழிந்துபோகிறது. அதனால்தான் இதற்கு அழிப்பான் என்று பெயர். மார்லன் ஸ்கல்லியும் காய் ட்ரூலும் 1982-ல் இந்த யோசனையை முன்வைத்தார்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். போலராய்டை 135 டிகிரிக்குத் திருப்புங்கள். வரிகள் இருக்கும், ஆனால் இடம் மாறியிருக்கும். முன்பு சிவப்பாக இருந்த இடம் கருப்பு, கருப்பாக இருந்த இடம் சிவப்பு. சார்ட்டில் பென்சிலால் முதல் வரிகளைக் குறித்துவைத்தால் இது துல்லியமாகத் தெரியும். இந்த இரண்டு கோலங்களையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் வரியே இல்லாத அந்த மங்கல் பரவல்தான் வரும். அழிப்பான் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, பரவலுக்குள் கலந்து கிடந்த இரண்டு கோலங்களில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால், இதைப் பற்றி யூடியூபில் வருகிற பாதிக் கதைகள் அவர்களை ஏமாற்ற முடியாது.

இனி அந்தத் தாள். நான்கு பக்கம், பளபளப்பான காகிதம். முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு பொருள்பட எழுதியிருக்கிறார்கள்: நீங்கள் கவனிக்கும்போது உங்கள் உணர்வு ஒளியின் அலையைக் குலைக்கிறது, கவனிக்காதபோது அலை திரும்புகிறது, உங்கள் மனமே உலகைப் படைக்கிறது. கடைசிப் பக்கத்தில் கண்ணை மூடித் தியானம் செய்கிற ஒருவரின் படம்.

தியானத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் அம்மா தினமும் செய்வார். ஆனால் இந்தப் பெட்டி அதைக் காட்டுகிறது என்பது உண்மையில்லை. அதுவும், அந்த உண்மையைச் சோதித்துப் பார்க்கிற வசதி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

நாங்கள் சோதித்தோம். செல்போனை ஸ்டாண்டில் வைத்து, சார்ட்டை நோக்கித் திருப்பி, டைமர் போட்டுவிட்டு எல்லோரும் வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டோம். முதலில் வெறும் கம்பி. உள்ளே யாரும் இல்லாமல் எடுத்த படத்தில் வரிகள் இருந்தன. அப்புறம் போலராய்டுச் சட்டம். யாரும் பார்க்கவில்லை, தாள் சொல்கிறபடி அலை திரும்பியிருக்க வேண்டும். படத்தில் வரி இல்லை. அடுத்து வகுப்பு முழுக்க உள்ளே நின்று, கண்ணைச் சிமிட்டாமல் கம்பியையே உற்றுப் பார்த்தார்கள். வெறும் கம்பி என்றால் வரி இருந்தது, போலராய்டுச் சட்டம் என்றால் இல்லை. யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதால் ஒரு வரிகூட அசையவில்லை.

அப்போது ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அந்த ஃபோட்டோவ நாம அப்புறம் பாக்குறோம்ல? நாம பாக்குற வரைக்கும் அது ரெண்டு மாதிரியும் இருந்துச்சுன்னா?"

நான் இத்தனை வருடம் பாடம் எடுத்ததில் இதைவிட நல்ல கேள்வி வந்ததில்லை. இது கணிதவியலாளர் ஜான் வான் நாய்மானின் கேள்வி. 1932-ல் வந்த குவாண்டம் இயக்கவியல் நூலில் அவர் ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு இதையேதான் பேசுகிறார். வெப்பத்தைப் பாதரசம் அளக்கிறது. பாதரசத்தின் உயரத்தை வெளிச்சம் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. விழித்திரை, நரம்பு, மூளை என்று சங்கிலி நீள்கிறது. அளக்கப்படும் பொருள் இதுவரை, அளப்பவர் இதிலிருந்து என்று கோட்டை எங்கே போட்டாலும் கணக்கு ஒரே விடையைத்தான் தரும் என்று காட்டினார். 1939-ல் ஃபிரிட்ஸ் லண்டனும் எட்மண்ட் பாயரும் அந்தச் சங்கிலியின் கடைசியில் பார்ப்பவரின் உணர்வை வைத்தார்கள். 1961-ல் யூஜின் விக்னர் இன்னும் அழுத்தமாக அதைச் சொன்னார். ஆய்வகத்துக்குள் நண்பர் ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார், நான் வெளியே நிற்கிறேன், நான் கேட்கும்வரை என் நண்பரும் இரட்டை நிலையில்தான் இருந்தாரா என்று அவர் கேட்ட கேள்வி இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. வராந்தாவில் நின்ற நாங்கள் எல்லோரும் அன்று விக்னர்தான். இவர்கள் யாரும் விளையாட்டுக்குச் சொன்னவர்கள் இல்லை. விக்னர் நோபல் பரிசு வாங்கியவர். அவரே பிற்காலத்தில் அந்தக் கருத்திலிருந்து விலகினார். ஹைன்ஸ் டீட்டர் ட்சே 1970-ல் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு முக்கியக் காரணம். எந்தக் கருவியும் எந்த நண்பரும் உலகத்திலிருந்து தனித்துத் துண்டாக இருக்க முடியாது, காற்றும் வெளிச்சமும் விடாமல் மோதிக்கொண்டே இருக்கின்றன என்றது அந்தக் கட்டுரை.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இது. நம் பரிசோதனையில் போலராய்டுச் சட்டம் மட்டும் இருந்தபோது அந்த அடையாளத்தை யார் படித்தார்கள்? நான் படிக்கவில்லை, நீ படிக்கவில்லை, செல்போனும் படிக்கவில்லை. செல்போன் கேமராவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும், அது கிடைமட்டமா செங்குத்தா என்று தெரியாது. எந்த ஃபோட்டான் (ஒளித்துகள்) எந்தப் பக்கம் வந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இனி தெரியவும் வாய்ப்பில்லை. ஆனாலும் வரி போய்விட்டது. சீசனில் மாங்கூழ் ஆலைக்கு வருகிற கூடைகளில் எந்தத் தோப்பு என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். யாரும் படிக்காவிட்டாலும் சீட்டு கூடையில் இருக்கும், அதுபோலத்தான் என்றேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் சொல்லிக்கொள்ளுங்கள், இங்கே மாங்காய் சீக்கிரம் புரியும்.

அவள் விடவில்லை. "அப்ப மனசு தேவையில்லன்னு இது ப்ரூவ் பண்ணுதா மிஸ்?" இல்லை. வரி மறைவதற்கு மனம் தேவையில்லை என்பதுவரைக்கும் இந்தப் பெட்டி காட்டும். கடைசியில் ஏன் ஏதோ ஒரு விடை மட்டும் நம் கையில் கிடைக்கிறது, மற்றது எங்கே போனது என்பது வேறு கேள்வி. அதற்கு இயற்பியலாளர்களிடம் ஒருமித்த பதில் இல்லை. ஹ்யூ எவரெட் 1957-ல், எந்த விடையும் போகவில்லை, எல்லாமே நடக்கிறது, நாம் ஒரு கிளையில் இருக்கிறோம் என்றார். கிரார்டி, ரிமினி, வேபர் என்ற மூன்று பேர் 1986-ல், அலை தானாகவே எப்போதாவது குலையும், பெரிய பொருளில் துகள்கள் எக்கச்சக்கம் என்பதால் உடனே குலையும் என்று சமன்பாட்டையே மாற்றிப் பார்த்தார்கள். நீல்ஸ் போர் அளக்கும் கருவியை அன்றாட மொழியில் விவரித்தே ஆக வேண்டும் என்றதோடு நின்றார். இவற்றில் எதற்கும் மனித மனம் நடுவில் வந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தாராளமாகச் சொல்லலாம். விடை தெரிந்தவை மட்டுமே அறிவியல் என்று நினைத்துக்கொண்டு வெளியே போகிற பிள்ளைதான் நாளைக்கு யாரோ பளபளப்பான தாளில் எழுதியதை நம்பும்.

இந்தத் தாள் என்னை இவ்வளவு பாதித்ததற்கு வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது. என் நாத்தனார் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு நாள் வகுப்புக்குக் கணவரோடு போய் வந்தாள். கட்டணம் இந்தப் பெட்டியின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எலக்ட்ரான் கூட நாம் பார்த்தால் மாறுகிறது, உங்கள் உடம்பு எலக்ட்ரானால் ஆனது, அதனால் உங்கள் சர்க்கரையைச் சரியான மனநிலையோடு "பார்த்தால்" அதுவும் இறங்கும் என்று அங்கே திரையில் படம் போட்டுச் சொன்னார்களாம். அவள் கணவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். தலைசுற்றி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, எல்லாம் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறார். மாத்திரை போடுகிறார்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெட்டி மேசையில் இருந்தது. "அண்ணி, அன்னிக்கு ஸ்கிரீன்ல காட்டுனது இதானே?" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் செய்து காட்டினேன். தையல்காரிக்குக் கை நிதானம் அதிகம். என்னைவிட அழகாகப் போலராய்டைத் திருப்பினாள். வரி வந்ததையும் போனதையும் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நான் பாக்குறதுனால இல்ல, இந்தக் கண்ணாடிப் பேப்பர் இருக்குறதுனாலதான் மாறுது. அப்புறம் ஏன் அண்ணி அவங்க அப்படிச் சொன்னாங்க?" நல்ல கேள்வி. அவர்களில் பலரும் உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரட்டைப் பிளவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணை வரைகிற வழக்கம் அனிமேஷன் படங்களில் வந்துவிட்டது. அந்த இடத்தில் உண்மையில் இருக்க வேண்டியது ஒரு போலராய்டுத் துண்டு, அல்லது ஒரு வாயு மூலக்கூறு, அல்லது ஒரு லேசர் துடிப்பு.

இது என் சொந்தக் கருத்து இல்லை என்பதற்கு இரண்டு பரிசோதனைகளைச் சொல்கிறேன். இந்தப் பெட்டி வாங்குகிறவர்கள் வகுப்பில் இவற்றையும் சேர்த்துச் சொன்னால் பாடம் முழுமையாகும்.

ஒன்று வியன்னாவில் நடந்தது. ஆன்டன் ஸைலிங்கர், மார்க்குஸ் ஆர்ன்ட் குழுவினர் 1999-ல் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்து மூலக்கூறுகளையே குறுக்கீட்டு வரி போட வைத்தார்கள். 2004-ல் அதே வியன்னாவில் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பிப் பார்த்தார்கள். சூடான பொருள் ஒளியை உமிழும். அந்த மூலக்கூறும் பறந்துகொண்டே ஃபோட்டான்களை உமிழ்ந்தது. ஒவ்வொரு ஃபோட்டானும் மூலக்கூறு எங்கே இருந்தது என்ற செய்தியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். சூடு ஏற ஏற வரிகள் மங்கிக்கொண்டே வந்து மறைந்தன. அந்த ஃபோட்டான்களை யாரும் பிடிக்கவில்லை, எண்ணவில்லை, பார்க்கவில்லை. அவை கருவியின் சுவரில் மோதிப் போய்விட்டன. செய்தி வெளியே கசிந்ததே போதுமானதாக இருந்தது. மங்குகிற அளவும் கோட்பாட்டுக் கணக்கோடு பொருந்தியது. ஒரு மனிதர் பார்த்தாரா இல்லையா என்பது அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வராது. வெப்பநிலைதான் வரும்.

இன்னொன்றின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. பைத்யநாத் மிஸ்ராவும் ஈ.சி.ஜி. சுதர்சனும் 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுதர்சன் 1980-களில் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஒரு குவாண்டம் பொருளை அடுத்தடுத்து விடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது இருந்த நிலையிலேயே உறைந்துவிடும் என்பது அவர்கள் கண்டது. ஸீனோ முரண்பாடு என்று அவர்கள் குறிப்பிட்ட அதை இன்று குவாண்டம் ஸீனோ விளைவு என்கிறார்கள். மண்டபத்து வகுப்புகளில் இதையும் எடுத்துக்கொள்கிறார்கள், உற்றுக் கவனித்தால் உலகம் நிற்கும் என்று. 1990-ல் அமெரிக்காவில் வெய்ன் இட்டானோவும் டேவிட் வைன்லாண்ட் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் பெரிலியம் அயனிகளை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். அயனிகள் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக 256 மில்லிநொடி ஆகும்படி ரேடியோ அலையை வைத்தார்கள். அந்த நேரத்துக்குள் 1, 2, 4 என்று ஏற்றிக்கொண்டே 64 முறைவரை லேசர் துடிப்பால் அளந்தார்கள். துடிப்பு கூடக்கூட அயனிகள் நகராமல் நின்றன. நடுவில் அந்தத் துடிப்புகளின் போது சிதறிய வெளிச்சத்தை அவர்கள் படிக்கவே இல்லை, கடைசியில் ஒரே ஒரு முறைதான் எண்ணினார்கள். அளந்தது லேசர் துடிப்பு. யாருடைய கவனமும் அங்கே வேலை செய்யவில்லை.

இந்தப் பெட்டியால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். இதில் ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டான் என்று அனுப்ப வழியில்லை. 1 மில்லிவாட் சிவப்பு லேசரில் நொடிக்கு ஏறக்குறைய 33 கோடி கோடி ஃபோட்டான்கள் வருகின்றன. நாங்கள் சுவரில் பார்த்த அத்தனையையும் பழைய அலைக் கொள்கையை வைத்தே விளக்கிவிடலாம். செங்குத்தாக அதிர்வதும் கிடைமட்டமாக அதிர்வதும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வரி போடாது என்று ஃப்ரெனலும் அராகோவும் 1819-லேயே வெளியிட்டுவிட்டார்கள். குவாண்டம் எங்கே வருகிறது என்றால், ஒளியை எவ்வளவு குறைத்தாலும் இதே கோலம்தான் வருகிறது என்ற இடத்தில். 1909-ல் கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர் என்ற இளைஞர் வெளிச்சத்தைக் கரி படிந்த கண்ணாடிகளால் மங்கலாக்கி, ஓர் ஊசியின் நிழலைப் படம்பிடித்தார். எங்கள் கம்பியைப் போலவே ஊசி. மிக நீண்ட படம் 2,000 மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று மாதம், மூடிய பெட்டிக்குள் தானாக விழுந்தது. வரிகளின் கூர்மை குறையவே இல்லை. உண்மையிலேயே தனித்தனி ஃபோட்டான் என்று உறுதி செய்துகொண்டு வரிகளைக் காட்டியது 1986-ல் பிரான்சில் கிராஞ்சியர், ரோஜர், அலென் ஆஸ்பே மூவரும் செய்த பரிசோதனை. ஆஸ்பே 2022-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தாளில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். லேசரில் பார்த்தது முன்னோட்டம், தனி ஃபோட்டானிலும் அப்படியே நடக்கிறது என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் சில்லறைக் குறைகள். எனக்கு முதலில் வந்த போலராய்டுச் சட்டத்தில் கம்பிக்கும் இடப்பக்கத் துண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதன் வழியாக அடையாளம் ஏறாத ஒளி நேராகப் போய்விடுவதால் வரிகள் முழுதாக மறையவில்லை, லேசாகத் தெரிந்தன. படம் எடுத்து அனுப்பினேன், வேறு சட்டம் அனுப்பினார்கள், காசு கேட்கவில்லை. வாங்கியதும் சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து அந்த ஓரத்தைப் பார்த்துவிடுங்கள். தண்டவாளத்தின் திருகு தளர்வு, ரப்பர் வாஷர் போட்டால் நின்றுவிடும். ஊசித்துளைத் தாள் கசங்கிவிடும், ஆனால் சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளில் குண்டூசி நுனியால் லேசாகக் குத்தி நாமே போட்டுக்கொள்ளலாம். லேசர் முனை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வராதபடி மேசையை அமையுங்கள். இந்த எச்சரிக்கையைத் தாளில் கடைசிப் பக்கத்தில், தியானப் படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் போட்டிருப்பது சரியில்லை. முதல் பக்கத்தில் பெரிதாக வர வேண்டும்.

விற்பவருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். தாளை மாற்றினால் ஐந்து நட்சத்திரம், இப்போதைக்கு நான்கு. நாங்கள் செய்த வரிசையைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, படம் வரைந்து வைத்திருக்கிறேன். பெட்டி வாங்குகிற ஆசிரியர்கள் கேட்டால் அனுப்புகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் எங்கள் பெட்டியை இரவலாகவே கொடுக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு. வரும்போது ஒரு கருப்புச் சார்ட்டும் இரண்டு பென்டார்ச் பேட்டரியும் கொண்டுவாருங்கள்.